ஆயுள் கைதி முன்விடுதலை: 14 ஆண்டுக் கணக்கு, இரண்டு வரி நிராகரிப்பு, வெளியே வந்தபின் முதல் மாதங்கள்

பொருநைக்கரை கேட்டது:

வணக்கம். ஆயுள் தண்டனைக் கைதிகளின் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் சிறிய குழு எங்களுடையது. வருபவர்களில் பெரும்பாலோர் இந்திய தண்டனைச் சட்டம் 302ல், அதாவது கொலைக்குத் தண்டனை பெற்றவர்களின் வீட்டார். பாளையங்கோட்டை, மதுரை மத்திய சிறைகளில் மனு பார்த்துவிட்டு (கைதியைச் சந்தித்துவிட்டு) நேராக எங்களிடம் வருவார்கள். "பதினாலு வருஷம் முடிஞ்சிருச்சு, ஏன் இன்னும் விடலை?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

அந்தப் பதினான்கை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது, எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது? வீட்டார் கைதான நாளிலிருந்து எண்ணுகிறார்கள். சிறை அலுவலகம் வேறொரு எண்ணைச் சொல்கிறது. அடுத்தது, "பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது" என்று இரண்டு வரியில் ஆணை வந்தால் மேற்கொண்டு என்ன வழி?

மூன்றாவது விஷயம்தான் எங்களை அதிகம் வருத்துகிறது. வெளியே வந்த சிலர் ஆறு மாதத்துக்குள் நிலைகுலைந்து போகிறார்கள். வங்கிக் கணக்கு இல்லை, ரேஷன் அட்டையில் பெயர் இல்லை, வீட்டில் படுக்க இடமில்லை. விடுதலைக்கு முன்பே செய்து வைக்கக்கூடியவை எவை? துறைக்குள் இருந்தவர்கள், வழக்கு நடத்துபவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


வாய்தா எழுதியது:

முதலில் அந்தப் பதினான்கு என்ற எண்ணைப் பற்றி. ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயுள் என்றால் ஆயுள் முடியும் வரை. கோபால் விநாயக் கோட்சே வழக்கில் 1961லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு தண்டனையைக் குறைத்தால்தான் விடுதலை. 1978ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரையும், மரண தண்டனை ஆயுளாக மாற்றப்பட்டவரையும், பதினான்கு ஆண்டு உள்ளே இருக்காமல் விடக் கூடாது என்பது அதன் சாரம். ஆக அந்த எண் வாசல்படி மட்டும்தான். அதைத் தொட்ட நாளில் கதவு தானாகத் திறக்காது. இதை வீட்டாரிடம் முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பொய்யான தேதியை நம்பிக் காத்திருப்பது உள்ளே இருப்பவரைத்தான் அதிகம் உடைக்கிறது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருப்பதால் எண்கள் மாறியிருக்கின்றன. பழைய 432 இப்போது 473, 433 இப்போது 474, 433ஏ இப்போது 475. மனுவில் இரண்டு எண்ணையும் போடுங்கள். அலுவலகங்களில் பழைய எண்தான் பலருக்கு மனப்பாடம்.

433ஏ எல்லா ஆயுள் கைதிக்கும் பொருந்தாது என்பதையும் கவனியுங்கள். 304 முதல் பகுதி (கொலையாகாத மரணம்), 395 (கூட்டுக் கொள்ளை) போன்றவற்றில் ஆயுள் பெற்றவருக்கு மரண தண்டனை விதிக்க வழியே இல்லை. அவர்களுக்குச் சட்டப்படி இந்தப் பதினான்கு கட்டாயமில்லை. தீர்ப்பில் எந்தப் பிரிவில் ஆயுள் விழுந்தது என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மனுவை எழுதாதீர்கள்.

கணக்குக்கு வருகிறேன். தேவையான தேதிகள் ஐந்து வகை: கைது, விசாரணைக் காலத்தில் ஜாமீனில் போனது, தீர்ப்பு வந்து மறுபடி உள்ளே போனது, மேல்முறையீட்டின்போது தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு வெளியே இருந்தது, பரோல் என்று நாம் சொல்லும் விடுப்பு நாட்கள். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம். பாகீரத் வழக்கில் 1985ல் ஆயுள் கைதிக்கும் இந்தச் சலுகை உண்டு என்று முடிவானது. ஜாமீனில் வெளியே இருந்த நாட்கள் கழியும். விடுப்பு நாட்கள் கோவா தொடர்பான ரோகன் துங்கட் வழக்கில் 2023ல் கழிக்கப்பட்டன. எனவே அவற்றையும் கழித்தே போட்டுக்கொள்ளுங்கள். நன்னடத்தைக்காகவும் வேலைக்காகவும் சிறை தரும் ரிமிஷன் (தண்டனைக் கழிவு) நாட்கள் இந்தப் பதினான்குக்குள் வரவே வராது.

மாதிரிக்கு ஒரு கணக்கு. கைது 5.3.2007. ஒன்பது மாதம் கழித்து ஜாமீன். தீர்ப்பு 5.6.2010, அன்றே மீண்டும் சிறை. மேல்முறையீட்டில் ஓராண்டு மூன்று மாதம் வெளியே. இத்தனை ஆண்டில் எடுத்த விடுப்பு மொத்தம் எட்டு மாதம். 5.6.2025 அன்று தீர்ப்பிலிருந்து பதினைந்து ஆண்டு. அதில் ஓராண்டு மூன்று மாதம் போனால் 13 ஆண்டு 9 மாதம். விடுப்பைக் கழித்தால் 13 ஆண்டு 1 மாதம். விசாரணைக் காலத்து ஒன்பது மாதத்தைச் சேர்த்தால் 13 ஆண்டு 10 மாதம். கைதான நாளிலிருந்து எண்ணும் வீட்டார் "பதினெட்டு வருஷம் ஆச்சு" என்பார்கள். சட்டப்படி இன்னும் இரண்டு மாதம் பாக்கி. இரண்டு கணக்கும் மோதுவது இந்த இடத்தில்தான். கைதி சிறைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு, அலுவலகக் கணக்கின் நகலை வாங்கட்டும். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தில் கைதியின் கையெழுத்தே இருக்கட்டும், மூன்றாம் நபர் தகவல் என்று தள்ளிவிட இடமிருக்காது.

கணக்கு போடும் முன் கடைசி மேல்முறையீட்டுத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். "இருபது ஆண்டு வரை தண்டனைக் குறைப்பு கூடாது" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் பதினான்கு பேச்சே இல்லை. சுவாமி சிரத்தானந்தா வழக்கில் 2008ல் உருவான முறை இது. 2015ல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. இப்படி விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு. அமர்வு நீதிமன்றத் தீர்ப்பில் இருந்தால் அதையே எதிர்க்கலாம்.

கோப்பு நகரும் பாதை: சிறையிலிருந்து கோப்பு கிளம்பும். காவல்துறை அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, ஆலோசனைக் குழுவின் கருத்து எல்லாம் சேர்ந்து சிறைத்துறைத் தலைமையகம் வழியாக உள்துறைக்குப் போகும். தண்டனை விதித்த நீதிமன்றத்தின் கருத்தும் வேண்டும். கோப்பு அதிகம் தூங்குவது இந்த நீதிமன்றக் கருத்துக்கும் காவல்துறை அறிக்கைக்கும் இடையில்தான். சிபிஐ விசாரித்த வழக்கென்றால் மத்திய அரசின் ஒப்புதலும் தேவை. வேறு மாநிலத்தில் தண்டனை பெற்றுத் தமிழ்நாட்டுச் சிறைக்கு மாற்றப்பட்டவர் என்றால் தண்டனை விதித்த மாநிலம்தான் முடிவெடுக்கும். 2024 ஜனவரி 8 அன்று வந்த பில்கிஸ் பானு தீர்ப்பு இதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை.

எந்தக் கொள்கை பொருந்தும் என்பதில் ஹரியானா எதிர் ஜகதீஷ் (2010) தீர்ப்பைக் கையில் வைத்திருங்கள். தண்டனை பெற்ற நாளில் இருந்த கொள்கை பொருந்தும். பரிசீலிக்கும் நாளில் அதைவிடத் தாராளமான கொள்கை இருந்தால் அதன் பலனும் கிடைக்கும். பின்னால் வந்த கடுமையான விதியைக் காட்டி மறுக்கக் கூடாது.

இனி இரண்டு வரி நிராகரிப்பு. 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கில் சொன்னவை உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். மாநிலத்தில் கொள்கை இருந்தால், தகுதி வந்ததும் கைதி மனு போடாமலேயே அரசு பரிசீலிக்க வேண்டும். ஏற்றாலும் மறுத்தாலும் சுருக்கமாகவாவது காரணம் வேண்டும். ஆணை சிறை வழியாக உடனே கைதிக்குப் போக வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் நகல் போக வேண்டும். மறுப்பை எதிர்க்கும் உரிமை உண்டு என்பதைக் கைதிக்குச் சொல்ல வேண்டும். இவற்றில் எது நடக்கவில்லையோ அதுவே உயர் நீதிமன்றத்தில் நீங்கள் போடும் ரிட் மனுவின் முதல் காரணம்.

அடுத்த காரணம் லக்ஷ்மண் நஸ்கர் (2000) தீர்ப்பின் ஐந்து கேள்விகள்: குற்றம் சமூகத்தையே பாதிக்கும் வகையா, தனிப்பட்ட சம்பவமா? மறுபடி செய்ய வாய்ப்பிருக்கிறதா? குற்றம் செய்யும் திறனையே இழந்துவிட்டாரா? இனியும் உள்ளே வைப்பதால் பயனுண்டா? குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன? தண்டனை விதித்த நீதிமன்ற நீதிபதியின் கருத்தும் இவற்றைத் தொட வேண்டும் என்று ராம் சந்தர் எதிர் சத்தீஸ்கர் (2022) சொல்கிறது. "குற்றம் கொடூரமானது, எனவே பரிந்துரைக்கவில்லை" என்று மட்டும் எழுதிய கருத்தை அதைக் காட்டியே மறுபரிசீலனைக்கு அனுப்ப வைக்கலாம்.

ரிட் மனுவில் "விடுதலை செய்" என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். நீதிமன்றம் பெரும்பாலும் ஆணையை ரத்து செய்து மறுபரிசீலனைக்குத்தான் அனுப்பும். அதற்குக் கால வரம்பையும் கேளுங்கள், எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ. கெடு இல்லாமல் திரும்பிய கோப்பு மறுபடி அதே மேசையில் படுத்துவிடும். உங்கள் பகுதி என்றால் மதுரைக் கிளை. பணமில்லாதவர் 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இலவச வக்கீல் கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி எண் 15100.


கோர்ட்டுவாசல் எழுதியது:

வாய்தா சார் விட்டதில் இரண்டைச் சேர்க்கிறேன். இவற்றால் கடைசி நிமிடத்தில் விடுதலை தடைபடுகிறது.

ஒன்று அபராதம். ஆயுளோடு ஐயாயிரமோ பத்தாயிரமோ அபராதம் விதித்து, கட்டத் தவறினால் மேலும் ஓராண்டு என்று தீர்ப்பில் எழுதியிருக்கும். ஆயுளைக் குறைத்து விட்டாலும் இந்த ஓராண்டு தானாகப் போகாது. ஷரத் ஹிரு கொலம்பே (2018) தீர்ப்பு அப்படித்தான். விடுதலை ஆணை வந்த பிறகு ஓடி அலையாமல் முன்னதாகவே கட்டி, ரசீது சிறைப் பதிவேட்டில் ஏறியதா என்று பாருங்கள். கட்ட வழியில்லாதவருக்கு 2023ல் வந்த மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டம் உண்டு. தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை அபராதத் தொகை கிடைக்கும். ஊழல் தடுப்பு, பணமோசடி, போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) வழக்குகளுக்குக் கிடையாது.

இன்னொன்று, ஒரே தீர்ப்பில் ஆயுளும் ஏழு ஆண்டும் சேர்ந்து வருவது. "ஏககாலத்தில்" என்று இருந்தால் கவலையில்லை. "அடுத்தடுத்து" என்று இருந்தால் முதலில் ஏழு, அதன்பிறகுதான் ஆயுள் தொடங்கும் என்று நீதிமன்றம் வைக்க முடியும். இரண்டு ஆயுளை அடுத்தடுத்து வைக்க முடியாது. இது தமிழ்நாட்டிலிருந்து போன முத்துராமலிங்கம் வழக்கில் 2016ல் ஐந்து நீதிபதிகள் முடிவு செய்தது. தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு சொல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதுவே ஏழாண்டு வித்தியாசம்.


பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. "அடுத்தடுத்து" என்ற சொல்லை நாங்கள் பார்த்ததே இல்லை. இனி தீர்ப்பு நகல் இல்லாமல் மனுவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு துணைக் கேள்வி. தலைவர்களின் பிறந்தநாள், நூற்றாண்டு விழா என்று பத்து ஆண்டிலேயே விட்டார்களே, அது எப்படி முடிந்தது? நன்னடத்தை அலுவலர் அறிக்கையைப் பற்றியும் யாராவது விரிவாகச் சொல்லுங்கள்.


வாய்தா எழுதியது:

அது அரசியல் சாசனத்தின் 161ஆவது பிரிவு. ஆளுநர் பெயரில் அமைச்சரவை செலுத்தும் அதிகாரம். 433ஏ அதைக் கட்டுப்படுத்தாது என்று மாரு ராம் வழக்கில் 1980லேயே சொல்லிவிட்டார்கள். அமைச்சரவை முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்பதைப் பேரறிவாளன் வழக்கு 18.5.2022 அன்று மறுபடி உறுதி செய்தது. எம்ஜிஆர் நூற்றாண்டுக்காக 1.2.2018 தேதியிட்ட அரசாணை 64 வந்தது. அண்ணா பிறந்தநாளையொட்டி 15.11.2021 தேதியிட்ட அரசாணை 488 வந்தது.

இவற்றால் பல குடும்பங்கள் விளக்கேற்றின, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்த முறை நியாயமானதல்ல என்றே நினைக்கிறேன். அரசாணை 64ல் கெடு தேதி 25.2.2018. அன்று பத்து ஆண்டு முடித்தவர் பட்டியலுக்குள் வருவார். மறுநாள் முடிப்பவர் அடுத்த விழா வரும் வரை, அது எந்த ஆண்டு என்றே தெரியாமல், காத்திருக்க வேண்டும். ஒருவருடைய சிறைக்காலம் எவ்வளவு என்பது அவர் திருந்தியதைப் பொறுத்து இருக்க வேண்டுமே தவிர, ஒரு விழாத் தேதியைப் பொறுத்து இருக்கக் கூடாது. தகுதி வந்த மாதத்திலேயே ஒவ்வொரு கோப்பும் தானாக எழும் நிலையான கொள்கைதான் வேண்டும்.


வேப்பமரத்தடி எழுதியது:

நன்னடத்தைப் பணியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அறிக்கைக்காக அலுவலர் ஊருக்குப் போவார். வீட்டில் யார் இருக்கிறார்கள், வருமானம் என்ன, இவர் வந்தால் எங்கே தங்குவார், என்ன வேலை செய்வார், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள், இறந்தவர் குடும்பம் எங்கே இருக்கிறது, இரண்டு தரப்புக்கும் இன்னும் உரசல் உண்டா என்று விசாரிப்பார். அறிக்கை பாதகமாகப் போவதற்குப் பல நேரம் கைதியின் நடத்தை காரணமாக இருப்பதில்லை. வீட்டார் விசாரணை நாளில் ஊரில் இல்லாதது, கொடுத்த முகவரியில் இப்போது யாரும் குடியில்லாதது, "வந்தால் எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று அண்ணன் மனைவி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது, இவையே போதும். ஆகவே யார் பொறுப்பேற்கிறாரோ அவருடைய உறுதிமொழிக் கடிதம், முகவரிச் சான்று, வேலை தருவதாகச் சொல்பவரின் கடிதம் மூன்றையும் முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள். வேலைக் கடிதம் பொய்யாக இருக்கக் கூடாது. அலுவலர் அந்தக் கடைக்கு நேரில் போவார்.

காவல்துறை அறிக்கையில் அடிக்கடி வரும் வாசகம், "விடுவித்தால் பழிக்குப்பழி நடக்கும், பொது அமைதி கெடும்." தென் மாவட்டங்களில் இந்த அச்சம் பொய்யென்று ஒதுக்கவும் முடியாது. அதே ஊரில் இறந்தவரின் மனைவி இருக்கிறார் என்றால் வேறு ஊர் முகவரி கொடுப்பதே இருவருக்கும் நல்லது. அக்கா வீடு, மாமனார் ஊர், எங்கே இருந்தாலும் சரி. இதற்கு முன் விடுப்பில் வந்தபோதெல்லாம் பிரச்சினை இல்லாமல் குறித்த நேரத்தில் திரும்பினார் என்ற பதிவு இந்த அச்சத்துக்கு நல்ல மறுமொழி. 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின் கீழ் எடுத்த ஒவ்வொரு விடுப்பையும் தேதியோடு பட்டியலிட்டு மனுவில் சேருங்கள். வழிக்காவல் இல்லாமல் போய் வந்த விடுப்புகளைத் தனியாகக் காட்டுங்கள், அவற்றுக்கு எடை அதிகம். ஒரு நாள் தாமதமாகத் திரும்பியிருந்தாலும் மறைக்காதீர்கள், காரணத்தோடு எழுதுங்கள். கோப்பில் அது எப்படியும் இருக்கும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. வெளியே வந்தபின் தொடங்கினால் தாமதம். பதினான்கு முடிய ஓரிரு ஆண்டு இருக்கும்போதே ஆரம்பியுங்கள். விடுப்பு நாட்களை அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆதார் முதலில். 2010க்கு முன் உள்ளே போனவர்களில் சிலருக்கு ஆதாரே இருக்காது, இருந்தால் பழைய கைபேசி எண்ணோடு இருக்கும். ஒரு விடுப்பில் கைரேகையும் எண்ணும் புதுப்பித்துவிட்டால் மற்ற எல்லாம் எளிது. கைபேசி எண் கைதியின் பெயரிலேயே வாங்குங்கள். மகன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் அவன் முகத்தைப் பார்த்து நிற்பது பெரிய அவமானமாக அவர்களுக்குத் தெரிகிறது. அடுத்து குடும்ப அட்டையில் பெயர். நீக்கியிருந்தால் இ-சேவை மையத்தில் சேர்க்கலாம்.

பழைய வங்கிக் கணக்கு இரண்டாண்டு பரிவர்த்தனை இல்லாவிட்டால் செயலற்றதாகிவிடும். பத்தாண்டு தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். போனாலும் தொலைந்துவிடவில்லை, கணக்கு வைத்திருந்த வங்கியிலேயே மனுக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம். சிறையில் உழைத்த கூலியில் அவர் பெயரில் எவ்வளவு இருப்பு இருக்கிறது என்பதை விடுதலை நாளுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். வாசலில் நின்று கணக்குப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஓட்டுநராக இருந்தவர்கள் கவனிக்க: உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் வெறும் புதுப்பித்தல் நடக்காது, மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் படிவம் 6. சிறையில் இருக்கும்போது ஓட்டுப் போட முடியாதே தவிர, விடுதலையானபின் அந்தத் தடை இல்லை. பலர் தமக்கு ஓட்டுரிமையே போய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடம்பு. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் வெளியே வருபவர்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சாதாரணம். சிறை மருத்துவமனையில் தினமும் கையில் கொடுத்த மாத்திரை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நின்றுபோகும். விடுதலைக்கு முன் மருந்துச் சீட்டின் நகலும் சில வாரத்துக்கான மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். வந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிட்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். தூக்கமின்மை, கூட்டத்தைக் கண்டால் பதற்றம், கதவைத் தானே திறந்து வெளியே போகத் தயங்குவது, இவையெல்லாம் முதல் மாதங்களில் வரும். அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ வீட்டார் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறார். 14416 என்ற எண்ணிலும் தமிழில் பேசலாம்.

நீங்கள் சொன்ன ஆறு மாதச் சரிவுக்குப் பெரும்பாலும் வீடும் வேலையும்தான் காரணம். சொத்து பாகம் பிரிந்திருக்கும், பட்டா தம்பி பெயருக்கு மாறியிருக்கும், பிள்ளைகள் "அப்பா" என்று கூப்பிடவே கூச்சப்படுவார்கள். வந்த வாரமே சொத்துப் பேச்சை எடுக்க விடாதீர்கள். முதல் மூன்று மாதத்துக்குத் தங்குமிடம், தினச் செலவு இரண்டும் யாரையும் கேட்காமல் கிடைக்க வழி செய்யுங்கள். அதற்குள் ஏதாவது கூலி வேலை தொடங்கிவிட வேண்டும். சிறையில் தையலோ நெசவோ பேக்கரியோ பழகியவர் என்றால், உள்ளே கற்றது மொத்த உற்பத்தியில் ஒரு பகுதி வேலையாக மட்டும் இருந்திருக்கலாம். நாள் முழுக்கக் காலர் மட்டும் தைத்தவருக்குச் சட்டை வெட்டத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இரண்டு மாதம் ஒரு கடையில் பழக விடுங்கள். கடன் வாங்கிச் சொந்தக் கடை என்று முதல் ஆண்டில் இறங்குவது ஆபத்து. மனைவி சுயஉதவிக் குழுவில் இருந்தால் அந்த வழியாகச் சிறிதாகத் தொடங்கலாம்.

படிப்புச் சான்றிதழ்கள் சிறை முகவரிக்கு வரும். இக்னோவில் படித்தவர்கள் விடுதலைக்கு முன் முகவரியை மாற்றிக் கொடுக்காவிட்டால் பிறகு அதற்காக அலைய வேண்டியிருக்கும்.


கடலோடி எழுதியது:

இங்கிலாந்திலிருந்து ஒரு ஒப்பீடு. முடிவுத் தேதி இல்லாத தண்டனையைச் சீர்திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஐபிபி நல்ல பாடம்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2005 ஏப்ரல் 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் "பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறை" என்ற தண்டனையை விதித்தார்கள், அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஐபிபி. நீதிபதி குறைந்தபட்சக் காலம் ஒன்றைச் சொல்வார், இரண்டு ஆண்டுக்கும் குறைவாகக்கூட இருக்கும். அது முடிந்ததும், இவரால் இனி ஆபத்தில்லை என்று பரோல் வாரியம் திருப்தியடைந்தால்தான் வெளியே. மொத்தம் 8,711 பேர் இந்தத் தண்டனை பெற்றார்கள். ஆபத்தில்லை என்று காட்டச் சில பயிற்சி வகுப்புகளை முடித்திருக்க வேண்டும், ஆனால் சிறைகளில் அந்த வகுப்புகளுக்கு இடமே இல்லை. ஜேம்ஸ், வெல்ஸ், லீ மூவரின் வழக்கில் 2012 செப்டம்பர் 18 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைத் தன்னிச்சையான சிறைவாசம் என்றது. அந்த ஆண்டு டிசம்பர் 3 முதல் தண்டனை ஒழிந்தது. ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அது பொருந்தவில்லை. அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். எல்லாருக்கும் மறுதண்டனை விதிக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நீதிக் குழு 2022ல் பரிந்துரைத்தது, அரசு மறுத்துவிட்டது.

வெளியே வந்தவர்களுக்கும் விடிவில்லை. லைசன்ஸ் எனப்படும் நிபந்தனைகள் ஆயுள் முழுக்க ஓடின. முதல் விடுதலையிலிருந்து பத்தாண்டு கழித்துத்தான் நீக்கச் சொல்லிக் கேட்க முடிந்தது. சந்திப்புக்கு வராதது, அனுமதியில்லாமல் முகவரி மாறியது என்று புதுக் குற்றமே இல்லாமல் மறுபடி சிறைக்கு அழைக்கப்பட்டவர்கள் ஏராளம். அப்படிப் போனால் திரும்பி வரவும் தேதி கிடையாது. 2024 நவம்பர் 1 முதல் பத்தாண்டு மூன்றாகக் குறைந்தது. மூன்றாண்டு முடிந்து பரோல் வாரியம் அப்போது நீக்காவிட்டாலும், அடுத்த இரண்டாண்டு மறுபடி சிறைக்கு அழைக்கப்படாமல் வெளியே இருந்தால் லைசன்ஸ் தானாக முடிந்துவிடும்.

நம்மூருக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசி வரி. விடுதலை ஆணையில் நிபந்தனைகள் இருந்தால் அவை எந்தத் தேதியில் முடிகின்றன என்று கேளுங்கள்.


வாய்தா எழுதியது:

கடலோடி சொன்னதற்கு இங்கேயும் சட்டப் பிடிமானம் இருக்கிறது. மஃபாபாய் மோதிபாய் சாகர் வழக்கில் 2024 அக்டோபரில், "ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்" என்பது போன்ற தெளிவில்லாத நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 473(3)ன் கீழ் நிபந்தனை மீறல் என்று சொல்லி விடுதலையை ரத்து செய்து, மிச்சத் தண்டனைக்கு உள்ளே தள்ள முடியும். ஆனால் நோட்டீஸ் கொடுத்து, பதிலைக் கேட்டு, காரணம் எழுதித்தான் செய்ய வேண்டும். ஒரு வழக்குப் பதிவானது என்பதாலேயே தானாக ரத்தாகாது.

ஆணை கையில் வந்ததும் நிபந்தனைப் பக்கத்தைத் தமிழில் எளிதாக எழுதி வீட்டில் ஒட்டுங்கள். காவல் நிலையத்தில் கையெழுத்து என்றால் தனி நோட்டு ஒன்று வைத்து, ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் குறித்து, நிலைய எழுத்தரிடம் அதிலும் கையொப்பம் கேளுங்கள். தராவிட்டால் அன்றே பதிவுத் தபாலில் "இன்று ஆஜரானேன்" என்று ஒரு கடிதம். காய்ச்சலில் போக முடியாத நாளுக்கு அரசு மருத்துவமனைச் சீட்டு. ஊர் மாறுவதென்றால் மாறுவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி.


பொருநைக்கரை எழுதியது:

இதையெல்லாம் ஒரே தாளில் தொகுத்து அடுத்த மனுப் பார்க்கும் நாளுக்கு எடுத்துப் போகிறோம். வேப்பமரத்தடி அண்ணா, பொறுப்பேற்க வீட்டில் யாருமே இல்லாதவருக்கு உறுதிமொழிக் கடிதம் யாரிடம் வாங்குவது?


வேப்பமரத்தடி எழுதியது:

ரத்த உறவுதான் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு நிற்க வேண்டாம். விடுப்பில் வந்தபோது அவரைத் தங்க வைத்த நண்பரோ, பழைய முதலாளியோ இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ ஆதரவு இல்லமோ, தன் பதிவு எண்ணோடு, இத்தனை மாதம் தங்க இடமும் உணவும் தருகிறோம் என்று எழுதித் தரலாம். அதை மனுவோடு இணைத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அந்த இல்லம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட நன்னடத்தை அலுவலருக்கு நேரில் ஒரு நகல் கொடுங்கள். விசாரணைக் கடிதம் சொந்த ஊர் அலுவலருக்குப் போய், அங்கே பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பினால் அறிக்கை பாதகமாகத்தான் போகும். விசாரிக்க வேண்டிய முகவரி மாறியிருக்கிறது என்று சிறைக் கண்காணிப்பாளருக்கும் தனியாக ஒரு கடிதம் கொடுத்து, ஒப்புதல் முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.